பொதுவிடத்தைப் பூட்டலாமா?

சென்ற மாதம் நம் சங்கத்துக் கூட்டம் முடிந்து, தேநீர் அருந்திக்கொண்டிருந்த வேளையில், அன்பர்கள் இருவருக்கிடையே ஒரு சொல்வாதம் மூண்டது. பேச்சு 2020-ஆம் ஆண்டின் நடமாட்டக் கட்டுப்பாட்டைப் பற்றியது. மூத்தவர் சூலியா தெருவில் நெடுங்காலமாக வணிகம் நடத்துபவர். இளையவர் அந்நாளில் ஒரு கடையில் வேலையாளாக இருந்து, இன்று சொந்தத்தில் சிறு கடை வைத்திருப்பவர்.

“தோட்டத்தைப் பூட்டினார்கள், கடற்கரையைப் பூட்டினார்கள் என்று இன்னமும் குறை சொல்கிறாயே தம்பி! இரண்டு மாதம் காலாற நடக்காவிட்டால் உயிரா போய்விடும்? அந்தப் பக்கத்தில் குடியிருப்பவர்களின் உயிர் பெரிதா, நம் உலாத்தல் பெரிதா?” என்றார் மூத்தவர்.

“காக்கா, உங்கள் வீட்டு வாசலில் மாமரம் நிற்கிறது. கதவைத் திறந்தால் காற்று வருகிறது. எங்களுக்கு அந்தத் தோட்டம்தான் வாசல். உங்கள் வாசலை யாரும் பூட்டவில்லை, எங்கள் வாசலைத்தான் பூட்டினார்கள்” என்றார் இளையவர்.

மூத்தவர் மறுமொழி சொல்லவில்லை. பக்கத்தில் இருந்த நாமும் வாய் திறக்கவில்லை. ஆனால் வீடு திரும்பிய பிறகும் அவ்விருவர் சொல்லும் நம் நெஞ்சைவிட்டு அகலவில்லை. மூத்தவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. இளையவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. கொள்ளைநோய்க் காலத்தில், அக்கம்பக்கத்தாரைக் காப்பதற்காகப் பொதுவிடத்தைப் பூட்டுவது முறைதானா? முறையென்றால் எதுவரை முறை? பூட்டினவர்களும், பூட்டியதால் காக்கப்பட்டவர்களும், அதனால் இடர்ப்பட்டவர்களுக்கு ஏதேனும் கடன்பட்டிருக்கிறார்களா? இவற்றைச் சற்றே ஆராய்வோமாக. நோய் தணிந்துவிட்டதே, இனி இந்த ஆராய்ச்சி எதற்கு என்று அன்பர்கள் எண்ணவேண்டாம். கடை மூடிய பிறகுதான் கணக்குப் பார்ப்பது நம் வழக்கம்.

நடந்தது என்ன?

16-3-2020 இரவு அன்றைய பிரதமர் முஹிடின் யாசின் அறிவித்தபடி, 18-3-2020 முதல் நாடெங்கும் நடமாட்டக் கட்டுப்பாடு நடைமுறைக்கு வந்தது. முதலில் மாத முடிவுவரை என்றார்கள். பின்னர் இரண்டிரண்டு வாரங்களாக நீண்டு அது மே மாதத்தை எட்டியது. வீட்டுக்கு ஒருவர் மட்டுமே சாமான் வாங்க வெளியே போகலாம். தொற்றுநோய்த் தடுப்புக்கான 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் மீறினவர்களுக்கு அப்போது 1,000 வெள்ளி வரை அபராதம் இருந்தது. கோலாலம்பூரில் காலையில் ஓட்டப் பயிற்சிக்குப் போனவர்கள் பிடிபட்டு, நீதிமன்றத்தில் அபராதம் கட்டிய செய்தியை நாம் பத்திரிகைகளில் படித்தோம்.

நம் பினாங்கிலும் அப்படியே. 1884-இல் அமைக்கப்பட்ட தண்ணீர்மலைத் தாவரத் தோட்டத்தின் வாயில் அடைக்கப்பட்டது. பினாங்குக் கொடிமலைக்குப் போகும் இரயில் நின்றது. மாலை நேரத்தில் குடும்பங்கள் காற்று வாங்கும் பழைய கோட்டைத் திடலும், கர்னி கடற்கரைச் சாலையும் ஆளரவமின்றிக் கிடந்தன.

பூங்காக்கள் மட்டுமா? 1801-இல் தோன்றிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலில், நம் முன்னோர் காலந்தொட்டு நடந்துவந்த வெள்ளிக்கிழமை ஜமாஅத்தும் பல வாரங்கள் நின்றது. அவ்வாண்டு நோன்பு ஏப்ரல் 24-ஆம் நாள் பிறந்தது. தராவீஹ் ஜமாஅத் இல்லை; நோன்புச் சந்தை இல்லை; கஞ்சிக்குப் பாத்திரம் ஏந்தி நிற்கும் பிள்ளைகளின் சந்தடியும் இல்லை.

“பள்ளிவாசலைப் பூட்டியதையே பொறுத்துக்கொண்ட நாம், பூங்காவைப் பூட்டியதற்குப் புலம்புவதா?” என்று கேட்போர் உண்டு. கேள்வி நியாயமாகவே தோன்றும். ஆயினும் ஒரு வேறுபாட்டை மறக்கலாகாது. தொழுகையை வீட்டின் மூலையிலும் நிறைவேற்றலாம்; பூமி முழுவதும் தொழுமிடமாக ஆக்கப்பட்டிருப்பது நமக்கு அருளப்பட்ட சலுகை. காற்றையும் வெயிலையும் வீட்டுக்குள் உண்டாக்கிக்கொள்ள எவரால் முடியும்?

பூட்டுவதற்குரிய நியாயம்

முதலில் மூத்தவர் பக்கம் நின்று பார்ப்போம்.

பூங்கா ஒன்றுக்கு ஊரின் நாலா பக்கத்திலிருந்தும் மக்கள் வருகிறார்கள். ஒரு மணி நேரம் இருந்துவிட்டு, அவரவர் வீட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள். ஆனால் அந்தப் பூங்காவைச் சுற்றிக் குடியிருப்பவர் எங்கே போவார்? வாயிலில் இளநீர் விற்பவர், வண்டி நிறுத்துமிடத்தைப் பார்ப்பவர், குப்பை கூட்டுபவர், அந்தத் தெருவில் மூச்சிரைக்க நடக்கும் முதியவர், இவர்களெல்லாம் வந்து போகிறவர்கள் விட்டுச்செல்வதை ஏற்றுக்கொள்ள வேண்டியவர்கள். வருபவருக்கு அது ஒருநாள் பொழுது. அங்கே வாழ்பவருக்கு அது நாள்தோறும் வரும் ஆபத்து. தனக்கு இன்பம், பிறருக்கு இடர் என்னும் செயலை எந்த அறமும் ஒப்பாது.

கப்பலேறிப் பொருள் தேடிய மரபினர் நாம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் உரைத்த கப்பல் உவமை நமக்கு எளிதில் விளங்கும். கப்பலின் மேல்தட்டில் சிலர், கீழ்த்தட்டில் சிலர். கீழே இருப்பவர், தண்ணீருக்காக ஒவ்வொரு முறையும் மேலே வந்து மற்றவர்களைத் தொந்தரவு செய்வானேன், நம் பகுதியிலேயே ஒரு துளை போட்டுக்கொள்ளலாம் என்று எண்ணுகிறார்கள். மேலே இருப்பவர்கள் அதைத் தடுக்காமல் விட்டால் இரு தட்டாரும் மூழ்குவர். தடுத்தால் இரு தட்டாரும் பிழைப்பர். என் இடம், என் உரிமை என்ற பேச்சு நடுக்கடலில் செல்லாது என்பதே இதன் கருத்து.

கூட்டத்தால் நோய் பரவும் என்பதற்கு நாம் வெளியே சான்று தேடவேண்டியதில்லை. 2020 பிப்ரவரி இறுதியில், கோலாலம்பூர் ஸ்ரீ பெட்டாலிங்கில் ஏறத்தாழ 16,000 பேர் கூடிய சமயக் கூட்டத்துக்குப் பிறகு நாட்டில் நோய் எவ்வளவு விரைவாகப் பரவிற்று என்பதை நாம் அறிவோம். அங்கே கூடியவர்கள் நல்லெண்ணத்தோடு கூடியவர்களே. நோய் நல்லெண்ணத்தைப் பார்த்து விலகுவதில்லை. சென்னையிலும் கோயம்பேடு காய்கறிச் சந்தை நோய் பரவும் களமாகி, 2020 மே மாதத் தொடக்கத்தில் மூடப்பட்டது. சந்தைக்குப் போனவர்களும் பிழைப்புக்காகப் போனவர்களே.

இன்னொன்றையும் நினைவூட்டுவோம். பிறர் நலத்துக்காகத் தங்கள் கால்களைக் கட்டிக்கொள்வது நம்மவர்க்குப் புதிதன்று. நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறி வந்த நம் பாட்டன்மாருக்கு ஜெரஜாக் தீவு என்றால் என்னவென்று தெரியும். கப்பலில் அம்மையோ வாந்திபேதியோ கண்டால், பினாங்கு நகரம் கண்ணெதிரே தெரிய, அந்தத் தீவிலேயே தங்கி நாள் எண்ண வேண்டும். நோயில்லாதவர்களும் நோயாளிகளோடு சேர்ந்தே காத்திருந்தார்கள். ஊருக்குள் இருப்பவர்களைக் காப்பதற்காக ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள் அவர்கள். அவர்கள் பொறுத்ததால் இந்தத் தெரு பிழைத்தது.

ஆகவே, ஆபத்து இன்னதென்று தெரியாத வேளையில் பூங்காவைப் பூட்டியது தவறென்று நாம் சொல்லமாட்டோம். தீப்பிடித்த வீட்டில் எந்த அறையில் தீ என்று தெரியும்வரை எல்லோரையும் வெளியேற்றுவதே அறிவு. இதில் மூத்தவர் சொன்னதே சரி.

பூட்டு ஒன்று, பாரமும் ஒன்றா?

இனி இளையவர் பக்கம் வருவோம். பின்னர் ஒருநாள் அவரைத் தனியே கண்டு, அந்நாட்களைப் பற்றி விசாரித்தோம்.

நம் தெருக் கடைவீடுகளின் அமைப்பை நாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை. முகப்புக் குறுகல், உள்ளே நீளம். கீழே கடை, மேலே சரக்கும் ஆட்களும். அவர் இருந்த மேல்மாடியில் பதினொரு பேர். தெருவைப் பார்த்து இரண்டு சன்னல்கள். நடுவில் வானம் தெரியும்படி விட்டிருந்த முற்றத்தின்மேல் தகரம் போட்டு, கீழே பெட்டிகளை அடுக்கியிருந்தார்கள். பகலில் பாதிப்பேர் கடையில் நிற்பார்கள். இரவில் மற்றப் பாதிப்பேர் கடற்கரையில் காற்று வாங்கிவிட்டுத் தாமதமாக வருவார்கள். ஆகவே இடநெருக்கடி தெரியாமல் காலம் ஓடிற்று. விடுமுறை கிடைத்தால் பேருந்தேறித் தண்ணீர்மலைத் தோட்டத்துக்குப் போய், மரத்தடியில் படுத்து, ஊருக்குப் பேசிவிட்டு வருவார்கள்.

கட்டுப்பாடு வந்தது. கடையில் பாதி வேலை நின்றது. போக இடமில்லை. பதினொரு பேரும் ஒரே வேளையில், ஒரே தளத்தில், இரவும் பகலும் இருக்க நேர்ந்தது. “ஒருவர் இருமினால் பத்துப் பேரும் விழித்துக்கொள்வோம், ஆனால் யாரும் எழுந்து விளக்குப் போடமாட்டோம். யார் இருமியது என்று தெரிந்துகொள்ளப் பயம்” என்றார் அவர்.

அன்பர்களே, இச்சொல்லைச் சற்று நின்று கேளுங்கள். பூட்டப்பட்ட பூங்காவின் ஆணை எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் தோட்டமுள்ள வீட்டார் இழந்தது ஓர் உலாவல். மேல்மாடியில் பதினொருவராய் இருந்தவர் இழந்தது மூச்சுவிடும் இடம். வசதியுள்ளவருக்கும் இல்லாதவருக்கும் தனித்தனியே மதிற்சுவர் எழுப்பாமல் இருவரையும் ஒரே மரத்தடியில் உட்காரவைப்பது பூங்கா ஒன்றே. அதைப் பூட்டும்போது வசதியில்லாதவர் கணக்கில்தான் பற்று ஏறுகிறது. சமமான ஆணை சமமான நீதி ஆகிவிடாது.

திறந்த வெளியா, அடைத்த அறையா?

நோயின் தன்மையைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்தது, 2020 மார்ச்சில் எவருக்கும் தெளிவாகத் தெரியாதது. காற்றோட்டமில்லாத, நெரிசலான அறைகளில்தான் இந்நோய் பெரிதும் பரவுகிறது. திறந்த வெளியில் பரவுவது மிகக் குறைவு. 2021-இல் உலகச் சுகாதார நிறுவனமும் அடைபட்ட அறைகளில் காற்றுவழியாகப் பரவுவதைத் தெளிவாகவே எடுத்துரைத்தது.

பக்கத்து நாட்டைப் பாருங்கள். சிங்கப்பூரில் நோய் வெடித்தெழுந்தது பூங்காவிலன்று. வெளிநாட்டுத் தொழிலாளர் விடுதிகளில். நம் மாவட்டங்களிலிருந்து போன எத்தனையோ பிள்ளைகள் அங்கே ஓர் அறைக்குப் பலராக அடைந்து கிடந்தார்கள். 2020 முடிவில் அரசு வெளியிட்ட கணக்குப்படி, விடுதிவாசிகளில் 100-க்கு 47 பேருக்கு நோய் வந்திருந்தது. நம் நாட்டிலும் அவ்வாண்டு நவம்பரில் கிள்ளான் வட்டாரத்தில் கையுறைத் தொழிலாளர் விடுதிகளில் ஆயிரக்கணக்கானோர் நோய்ப்பட்டார்கள். நோயின் களம் எது என்பதற்கு இவற்றைவிடச் சான்று வேண்டுமா?

அப்படியானால், ஆபத்துக் குறைந்த இடத்தைப் பூட்டி, ஆபத்து மிகுந்த இடத்துக்குள் மக்களைத் தள்ளியதும் உண்டு என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். தெரியாமல் செய்தது குற்றமாகாது. தெரிந்த பிறகும் திருத்தாமல் இருப்பதே குற்றம். நம் அரசு ஓரளவு திருத்திக்கொண்டது என்பதையும் சொல்லவேண்டும். 4-5-2020 முதல் இடைவெளிவிட்டு ஓடவும் மிதிவண்டி ஓட்டவும் நாட்டில் அனுமதி வந்தது. பினாங்கு மாநிலம் எல்லாவற்றையும் ஒரே நாளில் திறந்துவிடாமல் படிப்படியாகத் திறந்தது. 2021-இல் கட்டுப்பாடு மீண்டும் வந்தபோது, குடியிருக்கும் வட்டாரத்துக்குள் தள்ளித் தள்ளி நடக்கவும் ஓடவும் இடம் கொடுத்தார்கள். கூட்டத்தைத் தடுப்பது வேறு, காற்றைத் தடுப்பது வேறு என்பது அதற்குள் விளங்கிவிட்டது.

எல்லா இடத்திலும் அவ்வாறு விளங்கியது என்று சொல்வதற்கில்லை. சென்னை மெரினா கடற்கரையை எடுத்துக்கொள்வோம். அதையொட்டி மீனவர் குப்பங்கள் உள்ளன; மாலையில் ஆயிரமாயிரம் பேர் வந்து குவியும் இடம் அது. 2020 மார்ச்சில் மூடியதில் நியாயம் உண்டு. ஆனால் அவ்வூரில் ஆகஸ்டு மாதம் 18-ஆம் நாள் அரசு மதுக்கடைகள் திறந்தன. கடற்கரை திறந்ததோ டிசம்பர் 14-ஆம் நாள். நாலு சுவருக்குள் நெரிசலுக்கு அனுமதி. நீண்ட மணல்வெளிக்குத் தடை! மதுவால் கருவூலத்துக்கு வரவு உண்டு. கடற்காற்றால் வரவு இல்லை. சுண்டலும் மாங்காயும் விற்றுப் பிழைத்தவர்களுக்காக வாதாட யார் இருந்தார்கள்? ஒரு பூட்டு நீதியானதா என்று அறிய விரும்பினால், அதே வேளையில் எவையெவை திறந்திருந்தன என்று பார்க்கவேண்டும்.

அம்வாஸ் தரும் இரு பாடங்கள்

கொள்ளைநோயைப் பற்றிப் பேசும்போது நம் மேடைகளில் தவறாமல் எடுத்துக்காட்டப்படுவது, ஹிஜ்ரி 18 வாக்கில் சிரியா, பாலஸ்தீனப் பகுதிகளில் பரவிய அம்வாஸ் கொள்ளைநோய். கலீஃபா உமர் (ரலி) அவர்கள் சிரியாவை நோக்கிப் புறப்பட்டு, சர்க் என்னுமிடத்தை அடைந்தபோது நோய்ச்செய்தி வந்தது. அவர்கள் உடனே தாமே முடிவு கட்டிவிடவில்லை. முஹாஜிர்களை அழைத்துக் கேட்டார்கள், கருத்து வேறுபட்டது. அன்சாரிகளைக் கேட்டார்கள், அங்கும் வேறுபட்டது. குறைஷி மூத்தோரைக் கேட்டார்கள். அவர்கள் ஒருமனதாய்த் திரும்பிப் போவதே நலம் என்றார்கள். அவ்வாறே முடிவாயிற்று. இறைவிதியிலிருந்தா ஓடுகிறீர்கள் என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் வினவியபோது, ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதிக்கே செல்கிறோம் என்ற கருத்தில் கலீஃபா விடை பகர்ந்தார்கள். நோயுள்ள ஊருக்குள் நுழையவும் வேண்டாம், நோய் கண்ட ஊரிலிருந்து அதற்கஞ்சி ஓடவும் வேண்டாம் என்னும் நபிமொழி அப்போதுதான் அவர்களுக்குத் தெரிவிக்கப்பட்டது.

இது நாம் அனைவரும் அறிந்த பாதி. அதே நோயின் மறுபாதியை நாம் அதிகம் பேசுவதில்லை. படை தங்கியிருந்த இடம் தாழ்வான, ஈரமான நிலம். மக்களை அங்கிருந்து உயரமான, நல்ல காற்றுள்ள நிலத்துக்குக் கொண்டுபோகும்படி அபூ உபைதா (ரலி) அவர்களுக்குக் கலீஃபா எழுதியனுப்பினார்கள் என்று வரலாறு கூறுகிறது. அபூ உபைதா (ரலி) அவர்களும், அவர்களுக்குப்பின் பொறுப்பேற்ற முஆத் (ரலி) அவர்களும் அந்நோயிலேயே மறைந்தார்கள். அடுத்துப் பொறுப்பேற்ற அம்ர் இப்னு ஆஸ் (ரலி) அவர்கள், நோய் நெருப்பைப் போல் பற்றுவதை எடுத்துச் சொல்லி, மக்களை மலைகளுக்குப் பிரிந்து போகச் செய்தார்கள். அதன்பின் நோய் தணிந்தது. கலீஃபா அதைக் கண்டிக்கவில்லை.

ஒரே நோயில் இரண்டு பாடங்கள். ஊரின் வாயிலை அடைத்ததும் மக்களைக் காக்கவே. திறந்த மலைவெளிக்கு அனுப்பியதும் மக்களைக் காக்கவே. அடைப்பது மட்டும் அறம் என்று கொள்வோர் பாதிப் பாடம் படித்தவர்கள். திறப்பது மட்டும் உரிமை என்று கொள்வோர் மறுபாதி படித்தவர்கள். எதை அடைத்தால் உயிர் பிழைக்கும், எதைத் திறந்தால் உயிர் பிழைக்கும் என்று கலந்து ஆராய்ந்து, காரணத்தை வெளிப்படையாகச் சொல்வதே முழுப் பாடம். கேள்வி கேட்டவரைக் கலீஃபா அதட்டவில்லை. விளக்கம் சொன்னார்கள் என்பதையும் நம் தலைவர்கள் நினைவிற் கொள்ளவேண்டும்.

பூட்டுக்குரிய நிபந்தனைகள்

ஆகவே நாம் காணும் முடிவு இது. அக்கம்பக்கத்தாரைக் காப்பதற்காகப் பொதுவிடத்தைப் பூட்டலாம். ஆனால் பொது என்றால் யாருக்கும் சொந்தமில்லாதது என்று பொருளன்று. எல்லோருக்கும் சொந்தமானது என்று பொருள். அதன் சாவி அதிகாரிகளிடம் இருப்பது அமானிதமாகவே. அமானிதப் பொருளைத் திருப்பித்தர மறுத்தால் அதற்கு வேறு பெயர் உண்டு.

நாலு கேள்விக்கு விடை தரும் பூட்டே நீதியான பூட்டு. காரணம் என்ன? மக்களுக்கு விளங்கும் மொழியில் சொல்லப்பட்டதா? தவணை என்ன? எந்த நாளில் மறுபடி ஆராயப்படும்? பாதி திறக்க வழியுண்டா? முறைவைத்து, எண்ணி உள்ளே விட்டு, அருகில் வாழ்வோருக்கும் இடரின்றி நடத்த முடியுமா? கடைசியாக, ஈடு என்ன? அந்த இடத்தையே நம்பியிருந்தவருக்கு அதற்குப் பதில் எது கொடுக்கப்பட்டது?

இந்த நாலாவது கேள்விதான் நம்மைக் குத்துகிறது. ஏனெனில் அது அரசைப் பார்த்து மட்டும் கேட்கப்படுவதன்று. வணிகர்களாகிய நமக்குக் கடன் என்றால் என்னவென்று தெரியும். ஒருவன் சரக்கை வாங்கிக்கொண்டு விலையைக் கொடுக்காவிட்டால் நாம் சும்மா விடுவதில்லை. பூங்காவைப் பூட்டியதால் கிடைத்த பாதுகாப்பு என்னும் சரக்கு ஊராருக்கெல்லாம் கிடைத்தது; நமக்கும் கிடைத்தது. விலையைக் கொடுத்தவர் யார்? மேல்மாடியில் விளக்குப் போடாமல் படுத்திருந்த பதினொரு பேர். அந்தக் கடன் யார் கணக்கில் நிற்கிறது?

நம் கையில் உள்ள சாவி

பூங்காவின் சாவி நம்மிடம் இல்லை. ஆனால் கடைவீட்டின் சாவி நம்மிடம்தான் இருக்கிறது.

நம் குற்றத்தை மறைப்பானேன்? இதை எழுதும் நம்முடைய கடைவீட்டிலும், நடுமுற்றத்தின்மேல் தகரமிட்டு, பெட்டிகளை அடுக்கியே வைத்திருந்தோம். பழைய கொத்தனார்கள் அந்த முற்றத்தை விட்டது வெளிச்சத்துக்கும் காற்றுக்கும். நாம் அதைச் சரக்கறை ஆக்கினோம். மாத வாடகை மிச்சம் என்று மகிழ்ந்தோம். அந்த மிச்சம் எவருடைய மூச்சிலிருந்து எடுத்த மிச்சம் என்று ஒருநாளும் எண்ணினோமில்லை. ஊரடங்கில் அரசு பூட்டியது ஒரு பூங்காவை. நாம் பல ஆண்டுகளுக்கு முன்பே பூட்டிவிட்டோம் மற்றொன்றை. இளையவரின் சொல்லைக் கேட்ட பிறகே அந்தத் தகரத்தைக் கழற்றினோம். பெட்டிகளுக்கு வேறிடம் பார்க்கவேண்டி வந்தது, செலவுதான். ஆனால் இப்போது மேல்மாடியில் பகலில் விளக்கில்லாமல் பத்திரிகை படிக்க முடிகிறது.

சட்டமும் இதில் விழித்துக்கொண்டது. தோட்டங்கள், சுரங்கங்கள் முதலியவற்றின் தொழிலாளர்க்கே உரியதாக இருந்த 1990-ஆம் ஆண்டின் தொழிலாளர் குடியிருப்புச் சட்டம், 1-6-2020 முதல் எல்லாத் தொழிலுக்கும் விரிந்தது. அதன்கீழ் வந்த விதிகளின்படி, வீட்டறையில் தங்குவோர்க்கு ஆளொன்றுக்கு 3.6 சதுர மீட்டர் இடமாவது இருக்கவேண்டும். ஒரு பாயை விரித்து, பக்கத்தில் ஒரு பெட்டியும் வைத்து, எழுந்து நிற்கும் இடம்தான் அது. சட்டம் கேட்பது குறைந்த அளவு. மனச்சாட்சி அதோடு நின்றுவிடுமா? தன் ஆளைத் தன் பிள்ளையைப்போல் பார்ப்பேன் என்று ஊரில் அவன் தாயிடம் சொல்லி அழைத்துவந்தவர்களல்லவா நாம்?

ஆகவே அன்பர்களுக்கு நம் வேண்டுகோள் மூன்று. முதலாவது, மேல்மாடியில் ஆட்களை வைத்திருப்போர் படுக்கைகளையும் சன்னல்களையும் எண்ணிப் பார்க்கட்டும். அடைத்த முற்றத்தைத் திறக்கட்டும். இரண்டாவது, அடுத்தொரு கொள்ளைநோய் வருமானால், வராதிருக்க வேண்டுவோம், வருமானால், ஆட்கள் முறைவைத்துக் காற்று வாங்கத் தங்கள் வீட்டு முற்றத்தையோ மொட்டைமாடியையோ திறந்துவிடக்கூடியவர்கள் யார் யார் என்று நம் சங்கம் முன்கூட்டியே எழுதி வைக்கட்டும். மூன்றாவது, பொதுவிடத்தைப் பூட்டும் பேச்சு மறுபடி எழுந்தால், நம் சங்கத்தார் மாநகராண்மைக் கழகத்திடம் போய், பூட்டாதீர் என்று கூச்சலிடாமலும், பூட்டினால் நமக்கென்ன என்று ஒதுங்காமலும், மேற்சொன்ன நாலு கேள்விகளையும் பணிவுடன் கேட்கட்டும்.

கூட்டத்தில் அன்று மறுமொழி சொல்லாமல் இருந்த மூத்தவரை அண்மையில் கடைவாசலில் கண்டோம். அந்த வாதத்தை நினைவூட்டியபோது அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “பூட்டியது சரிதான் என்றே இன்னமும் நினைக்கிறேன். ஆனால் என் வாசல் மாமரத்தடியில் அன்று நாலு பேரை உட்காரச் சொல்லியிருக்கலாம், தோன்றவில்லை” என்றார். நாம் இவ்வளவு நீளமாக எழுதியதை அவர் இரண்டு வரியில் சொல்லிவிட்டார்.

பிழை தோன்றாததில் இல்லை. தோன்றிய பிறகும் சும்மா இருப்பதில்தான் இருக்கிறது. இன்றிரவு கடையை அடைத்துச் சாவியை இடுப்பில் செருகுமுன், ஒருமுறை மேல்மாடிக்கு ஏறிப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போவோமாக.